கானாவூர்க் கல்யாணமும் ஒரு டப்பா மாத்திரையும்

மாதா துணை

நடுத்திட்டுக் குப்பம்,
பழவேற்காடு வழி.
1979, பொங்கல் கழிந்த இரண்டாம் வாரம்.

வணக்கத்துக்குரிய சிஸ்டர் பிலோமினா அவர்களுக்கு, அதாவது என் பிரியமுள்ள அக்காவுக்கு, உடன்பிறந்த தம்பியும் இக்குப்பத்து மாதா கோயில் உபதேசியாருமான ஞானாதிக்கம் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கு நான், ரோசி, ஜெசிந்தா மூவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தங்கள் சுகத்துக்கும், தங்கள் மடத்து மதர் அவர்களின் முழங்கால் வலி தணியவும் தினமும் வேண்டிக்கொள்கிறோம்.

சுகம் என்று எழுதிவிட்டேன். கடிதம் என்றால் அப்படித்தானே ஆரம்பிக்க முடியும். உண்மையில் போன வாரம் முழுவதும் எங்கள் குப்பத்தில் அந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லத் துணியவில்லை. நடந்ததை எல்லாம் உங்களுக்கு ஒளிக்காமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் மடத்துக்கு வரும் கடிதங்களை மதர் அவர்கள் முதலில் பிரித்துப் படிப்பார்கள் என்று நீங்கள் சொன்னது நினைவில் இருப்பதால், சில இடங்களில் 'வெளியே போவது' என்று நாசூக்காக எழுதுவேன். அது ஊருக்கு வெளியே போவதல்ல என்று நீங்களே புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் புத்தகம். கிறிஸ்மசுக்கு ஜெசிந்தாவுக்கு நீங்கள் அனுப்பிய வேதியியல் புத்தகம், மாணவர்கள் வீட்டிலும் பள்ளியிலும் தாங்களே செய்து பார்க்கும் எளிய சோதனைகள் கொண்டது, பத்திரமாக வந்து சேர்ந்தது. பக்கத்துக்குப் பக்கம் 'பெரியவர்கள் துணையோடு செய்யவும்' என்று அச்சடித்திருந்தது. எவ்வளவு ஜாக்கிரதையான புத்தகம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தப் பெரியவர் நான்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஜெசிந்தாவும், பழவேற்காட்டுக் கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கும் அப்துல் ஷுக்கூர் பாயின் மகள் ஜொஹராவும் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. விடுமுறையில் ஜொஹரா படகேறி இங்கே வந்துவிடுவாள், இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து புத்தகத்தை விரித்துக்கொள்வார்கள். முதல் சோதனை, முட்டையைக் காடியில், அதாவது வினிகரில், ஊறப்போடுவது. ஓடு கரைந்துபோய் முட்டை ரப்பர் பந்து மாதிரி ஆகுமாம். ஆனது. அதைச் சொல்லாமல் டம்ளரிலேயே விட்டுவிட்டு இருவரும் விளையாடப் போக, ரோசி எனக்குக் குழம்பு வைக்க அந்த முட்டையை எடுத்திருக்கிறாள், அது கைநழுவிக் கீழே விழுந்து உடையாமல் துள்ளியிருக்கிறது, அவள் போட்ட கூச்சலில் நான் கோயில் மணி அடிப்பதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தேன். "ஒங்க அக்காவுக்கு எங்கோழி இன்னா பாவம் பண்ணிச்சி?" என்று ரோசி கேட்டதை அவள் கேட்டபடியே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது சுண்ணாம்புத் தண்ணீர். இங்கே சிப்பிச் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. ஒரு கரண்டி சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை இறுத்து எடுத்து, அதில் பப்பாளித் தண்டை வைத்து ஊதினால் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். மனிதன் விடும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதாம், அது செய்கிற வேலையாம். குழந்தைகள் ஊதி ஊதிச் சிரித்தார்கள், நானும் ஊதினேன், அதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் வேலியோரம் நின்று பார்த்த யாரோ ஒரு பெண்பிள்ளை, குடித்தவன் ஊதினால் தண்ணீர் வெளுக்கும் என்று புரிந்துகொண்டு போய்ச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பெண்டாட்டிமார் ஒவ்வொருவரும் புருஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஊதிய அத்தனை பேருக்கும் வெளுத்தது. சாராயத்தை முகர்ந்தே பார்க்காத ஆள்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நீங்களும் ஊதிப் பாருங்கள், உங்களுக்கும் வெளுக்கும் என்று ஜெசிந்தா கத்திக்கொண்டே இருந்தாள், ஊதிப்பார்க்க ஒரு பெண்ணும் முன்வரவில்லை.

இவை எல்லாம் சில்லறை. இனிதான் விஷயம்.

எங்கள் கோயில் திருநாளில் வருஷா வருஷம் கானாவூர்க் கல்யாண நாடகம் போடுவது உங்களுக்குத் தெரியும். ஆண்டவர் வேஷத்தை மனிதர் போடக்கூடாது என்பதால் படகுப் பாய்த்துணித் திரைக்குப் பின்னால் நின்று நானே குரல் கொடுப்பேன். ஆண்டவர் செய்த புதுமையால் தண்ணீர் திராட்சை ரசமாக மாறும் கட்டத்தில் பானையை மாற்றி வைப்போம், ஜனங்கள் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள், போன வருஷம் பானை மாற்றப் போனவன் கால் தடுக்கித் திரையோடு விழுந்தான். இந்த வருஷம் வேறொரு சங்கடமும் இருந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான், மதர் அவர்களுக்காக எழுதுகிறேன்: ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் எந்த நாள் எந்தத் தெரு வலை கட்டுவது என்று சீட்டுப்போட்டுப் பிரித்துக்கொள்வோம், அதற்குப் பாடு என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு முன் அந்தச் சீட்டில் ஏதோ தில்லுமுல்லு என்று வடக்குத் தெரு தசரதனுக்கும் தெற்குத் தெரு மாரிக்கும் வாய்ச்சண்டை வந்து, கைச்சண்டையாகி, அன்றிலிருந்து தெருவுக்குத் தெரு பேச்சில்லை, நெருப்புக்கூட வாங்குவதில்லை. சின்ன வயதில் ஒரே படகில் கழி ஊன்றினவர்கள் இருவரும். தசரதன் மாரியம்மனுக்குக் கற்பூரமும் மாதாவுக்கு மெழுகுவத்தியும் ஒரே பக்தியோடு ஏற்றுகிற மனிதர், குரல் ஏரியின் அக்கரைக்குக் கேட்கும். அவரைப் பந்தி விசாரிப்பவராகப் போட்டேன். அது தெற்குத் தெருவுக்குப் பொறுக்காது என்பதால் பானைகளுக்குத் தண்ணீர் தெற்குத் தெருக் கிணற்றிலிருந்து என்று சரிக்கட்டினேன். பெண் வீட்டார் யார், மாப்பிள்ளை வீட்டார் யார் என்று சண்டை வரும் என்பதால் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கே வரவில்லை, திரைக்குப் பின்னால் இருப்பதாகப் பாவனை. ஆக, திரைக்குப் பின்னால் மணமகன், மணமகள், ஆண்டவர் என்று எல்லாமாக நான் ஒருவனே நின்றுகொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் ஜெசிந்தா, "நைனா, பானைய மாத்தவே வேணாம். தண்ணியையே நான் மாத்திக் காட்டறேன்" என்றாள். பினாப்தலீன் என்று ஒரு மருந்தின் பெயரைச் சொன்னாள். கண்ணாடி ஜாடியின் அடியில் அதை ஊற்றி வைத்துவிட்டுத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை மேலே ஊற்றினால் செக்கச்செவேல் என்று ஆகிவிடுமாம். அந்தப் பெயர் எனக்கு மோட்சத்திலிருக்கும் ஏதோ அர்ச்சிஷ்டவள் ஒருத்தியின் பெயர் போலக் கேட்டது. உங்கள் பெயரின் சாயலும் இருந்ததால் சரி என்றேன். என்ன மருந்து, எதற்கான மருந்து என்று கேட்கவில்லை அக்கா. அந்த மருந்தைக் கடையில் எந்த மாத்திரையாகக் கேட்டு வாங்கி, ஸ்பிரிட்டில் கரைக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே போட்டிருந்ததாம். ஜொஹரா அப்பாவின் கடையில் கேட்டிருக்கிறாள். இவ்வளவு யாருக்கு என்று பாய் கேட்டதற்கு, குப்பத்துக்கு என்று சொல்லியிருக்கிறாள். பொங்கலில் நிறையச் சாப்பிட்டிருப்பார்கள் என்று அவரும் கொடுத்துவிட்டார்.

திருநாளன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு நாடகம். கோயில் வாசல் மணலில் வடக்குத் தெரு ஒரு பக்கம், தெற்குத் தெரு ஒரு பக்கம், நடுவில் ஒரு படகு போகுமளவுக்கு வெறும் மணல். பானைகளை நிரப்பச் சொல்லி நான் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தேன். ஜெசிந்தாவும் இன்னும் இரண்டு பெண்களும் பானையைத் தூக்கிவந்து தசரதன் முன்னால் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியில் ஊற்றினார்கள். தெளிந்த தண்ணீர்தான் விழுந்தது. ஜாடிக்குள் போன இடத்தில் நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அதற்குள் புகுந்து, தசரதன் முகமெல்லாம் சிவப்பு. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் திரையின் கிழிசலில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தசரதனுக்கு இந்த ஏற்பாடு தெரியாது, சொன்னால் ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் பேச வேண்டிய வசனம், கடைசிவரை நல்ல ரசத்தை ஒளித்து வைத்ததற்கு மாப்பிள்ளையைப் பாராட்டுவது. பேசவில்லை. டம்ளரை ஜாடியில் முக்கினார், கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

"காட்டமாத்தான் கீது" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. பிறகு இருட்டைப் பார்த்து, நாடகக் குரலில் அல்ல, படகிலிருந்து கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்: "டேய் மாரி! எங்க கீற? வா இங்க. வந்து இத்தக் குடி."

அக்கா, அது வசனத்தில் இல்லை. மாரி எழுந்திருக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எழுந்தார். அந்த நடு மணலில் மெதுவாக நடந்து வந்தார். தசரதன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, காட்டமாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான், இரண்டு தெருவும் எழுந்துவிட்டது. லோட்டாவோடு வந்தவர்கள், கையேந்தி வந்தவர்கள், கைக்குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு வந்தவர்கள். யாரோ மாதா பாட்டை எடுத்தார்கள். ஜெசிந்தா, "குடிக்காதீங்க மாமா, குடிக்காதீங்க" என்று அழுதுகொண்டே ஜாடியை மறைத்தாள். பிள்ளைக்கு அருள் இறங்கிவிட்டது என்று அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்துவிட்டுக் குடித்தார்கள். குழந்தைகளுக்கு மட்டும் ரோசி தரவிடவில்லை, சுண்ணாம்பு வாயைப் புண்ணாக்கிவிடும் என்று. அந்த மட்டுக்கு ஆண்டவர் ரோசி மூலமாகக் காப்பாற்றினார்.

எல்லாம் முடிந்து ஜாடி காலியான பிறகுதான் ஜெசிந்தா என்னிடம் வந்து சேர முடிந்தது. "நைனா, அது பேதி மாத்திரை."

"எது?"

"அந்த சிவப்பு. புஸ்தகத்துல ரெண்டு மாத்திரைனுதான் போட்டிருந்துச்சி. கடைசி வரிசைக்கும் தெரியணும்னு டப்பா முழுசும் போட்டுட்டேன். யாராவது குடிப்பாங்கனு நான் இன்னாத்த கண்டேன்?"

வாசலில் வடக்குத் தெருப் பெண்கள் தெற்குத் தெருப் பெண்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதைக் கலைத்து, ஜனங்களே, நீங்கள் குடித்தது இன்னது என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பங்கு போட்டுக் குடித்ததில் ஆளுக்குக் கொஞ்சம்தானே போயிருக்கும், ஒன்றும் ஆகாது என்று அவளைச் சமாதானம் செய்து படுக்கச் சொன்னேன்.

மதர் அவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும். விடிகாலையில் தொடங்கியது. வடக்குத் தெரு வெளியே போவது வடக்கே முள்ளுக்காட்டில், தெற்குத் தெரு தெற்கே சவுக்குத் தோப்பில், சண்டைக்குப் பிறகு அதிலும் எல்லை உண்டு. அன்று எல்லை பார்க்க யாருக்கும் அவகாசம் இல்லை, எது கிட்டமோ அது. புதருக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவர், இரண்டு வருஷம் முகத்தைப் பார்க்காதவர்கள், "ஒனக்குமா?" "எனக்குந்தான்பா" என்று பேசிக்கொண்டது என் காதிலேயே விழுந்தது. சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். அதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

வெயில் ஏற ஏறச் சிரிப்பு போய்விட்டது. மாரியின் தாயார் பொன்னியம்மாள் நடக்க முடியாமல் சுருண்டு படுத்துவிட்டார்கள். மாரியின் தம்பி கிருஷ்ணன் திருநாளன்று கும்மிடிப்பூண்டி பக்கம் போயிருந்ததால் குடிக்காதவன், தெம்பாக இருந்த ஒரே ஆண்பிள்ளை. அவன்தான் ஆரம்பித்தான். "மொதல்ல டம்ளர கையில எடுத்தவன் யாரு? தசரதன். எங்க அண்ணன மேடைக்குக் கூப்ட்டவன் யாரு? தசரதன். அவன்தான் இன்னாவோ கலந்துட்டான்" என்று. அது வடக்கே போய்ச் சேர்வதற்குள், "தண்ணி எந்தக் கெணத்துத் தண்ணி? அவுங்க கெணறு. நம்பள கூட்டிவச்சிக் கொல்லப் பாத்தானுங்க" என்று அங்கே கிளம்பிவிட்டது. கழியும் துடுப்புமாகக் கோயில் வாசலுக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள். பொன்னியம்மாளைக் கட்டிலோடு தூக்கிவந்து நடுவில் வைத்துவிட்டான் கிருஷ்ணன். சண்டைக்கு நின்றவர்களில் நாலு பேர் கழியைப் போட்டுவிட்டு ஓடுவதும், திரும்பி வந்து எடுத்துக்கொள்வதும், அதற்குள் எதிர்ப்பக்கத்தில் ஆறு பேர் ஓடுவதுமாக இருந்ததால்தான் முதல் அடி விழாமல் தள்ளிக்கொண்டே போயிற்று. ஆனால் அந்தக் கிழவிக்கு ஏதாவது ஆகியிருந்தால் அன்று ரத்தம் விழுந்திருக்கும் அக்கா.

நான் நடுவில் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று கேட்காதீர்கள். பனிக்காலம், காற்று திரும்பியிருக்கிறது, நல்ல தண்ணீரும் சில சமயம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஏதேதோ.

"நைனா, நீ சும்மா இரு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஜெசிந்தா. ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு, ஒரு கையில் மிச்ச மருந்து இருந்த சின்னச் சீசா. அந்த நேரத்துக்கு அப்துல் ஷுக்கூர் பாயும் ஜொஹராவும் படகிலிருந்து இறங்கி ஓடிவந்துகொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூலம் சேதி தெரிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று பாய் ஒரு மூட்டை அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஜொஹரா நேராக வந்து ஜெசிந்தா பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஜெசிந்தா சொம்புத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி எல்லோருக்கும் காட்டினாள். சீசாவிலிருந்து சொட்டு விட்டாள். சிவந்தது. கழி பிடித்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"இதான் நேத்திக்கி நீங்க குடிச்சது. இது சுண்ணாம்புத் தண்ணி. சீசால இருக்கறது பேதி மாத்திர, ஸ்பிரிட்ல கரைச்சது. யாரும் வெஷம் வெக்கல. நான்தான் போட்டேன், அளவு தெரியாம நெறய போட்டேன். நாடகம் முடிஞ்சதும் கீழ ஊத்திடலாம்னு இருந்தேன்." டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே மேலும் சொன்னாள். "தசரதன் மாமாவும் ஒண்ணும் பண்ணல, கெணத்துலயும் ஒண்ணும் இல்ல. அடிக்கறதுனா என்ன அடிங்க."

"நாந்தான் கடையில வாங்கியாந்து குடுத்தேன்" என்றாள் ஜொஹரா.

பாய் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆமாப்பா, சாதா பேதி மாத்திரதான். உசுருக்கு ஒண்ணும் ஆவாது. உப்பு போட்டுக் கஞ்சி குடிங்க, சாயந்தரத்துக்குள்ள நின்னுடும். அம்மாவுக்கு மொதல்ல குடுங்க" என்றார்.

கிருஷ்ணன் தாயாரின் கட்டிலருகே போய் உட்கார்ந்தான். தசரதன் முன்னால் வந்து ஜெசிந்தா கையிலிருந்த டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இது வெறும் மருந்துதானா கண்ணு?"

"மருந்துதான் மாமா."

"வேற ஒண்ணும் இல்ல?"

"இல்ல மாமா."

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் ராத்திரி அவர் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு அழுதாராம், பிற்பாடு அவர் சம்சாரம் சொன்னார்கள். அதுவரை ஒரு துளி கண்ணீர் விடாமல் நின்ற ஜெசிந்தா, அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் உடைந்து அழ ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

மாரிதான் பேசினார். கழியை ஊன்றிக்கொண்டு வந்து தசரதன் எதிரில் நின்றார். "தசரதா. நேத்து நீ குடுத்த, நான் குடிச்சேன். அதுல இன்னா கலந்துகீதுனு நான் கேட்டனா?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

தசரதன் கையிலிருந்த டம்ளரை மணலில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நீ வெஷம் வெக்க மாட்டேனு எனுக்குத் தெரியும். ரெண்டு வருசமா ஒன்ன கண்டபடி திட்டினேன், அப்பவும் தெரியும்" என்றார் மாரி. "இந்த மாத்திரயா அத்தச் சொல்லிச்சி?"

இன்னும் ஏதோ சொல்ல வந்தார். முகம் மாறியது. கழியை அப்படியே மணலில் போட்டுவிட்டுத் தோப்பைப் பார்த்து ஓடினார். தசரதன் அவர் ஓடுவதைப் பார்த்தார், சிரிப்பு வந்துவிட்டது, அந்தக் குரலில் சிரித்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், சிரித்துக்கொண்டே எழுந்து, "இருடா, நானும் வரேன்" என்று அவரும் பின்னாலேயே ஓடினார்.

கோயில் வாசலில் ஒரே அண்டாவில் கஞ்சி வைத்தார்கள். பாய் கொண்டுவந்த அரிசி, தெற்குத் தெருத் தண்ணீர், வடக்குத் தெரு விறகு. பொன்னியம்மாள் இரண்டு லோட்டா கஞ்சி குடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்கள். தீபாவளியிலிருந்து அவர்களுக்கு இருந்த ஒரு அடைப்பு நீங்கிவிட்டதாம், சீசாவில் மிச்சம் இருக்கிறதா என்று ஜெசிந்தாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பாடு பிரிக்கச் சீட்டு மறுபடி போட இரண்டு தெருவும் ஒத்துக்கொண்டிருக்கிறது. போடும்போது சண்டை வராது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் நேருக்கு நேர் நின்று போடும் சண்டையாக இருக்கும்.

அக்கா, எல்லாம் நன்றாக முடிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குத்தான் மனசு ஒரு நிலையில் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று கத்தியிருக்கிறேன், ஒரு நாளும் ஒருவனும் எழுந்து வந்து குடித்ததில்லை. ஒரு பேதி மாத்திரை வந்து அதைச் செய்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் என் மகள் எழுந்து அது மாத்திரைதான் என்று சொல்லாமல் இருந்திருந்தால், நான் சொல்லியிருக்க மாட்டேன். காற்று, பனி என்று சொல்லிக்கொண்டே நின்றிருப்பேன், அவர்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் பத்துக் கட்டளைகளில் எதற்குக் கீழே சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெசிந்தாவோ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "தசரதன் மாமா இனிமே மெழுகுவத்தி ஏத்துவாரா நைனா?" என்று கேட்கிறாள். நேற்று அவர் ஏற்றியதைக் கோயிலில் பார்த்துவிட்டு வந்துதான் சோறு தின்றாள். பிறகு என்னிடம், "சோதன தப்பில்ல நைனா, அளவுதான் தப்பு" என்றாள்.

ஆகையால் தங்களிடம் நான் கேட்டுக்கொள்வது. ஒன்று, வருகிற ஞாயிறு பூசை வைக்க வரும் பங்குச்சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது, அல்லது சொல்லாமல் விடுவது என்று தாங்கள் மதர் அவர்களைக் கலந்து எழுத வேண்டும். இன்னொன்று, அந்தப் புத்தகத்தை நான் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இனி இப்படிப்பட்ட சோதனைகள் கூடாது, தையல் பின்னல் போன்றவற்றில் மனதைச் செலுத்து என்று தாங்களே அவளுக்குக் கண்டிப்பாக ஒரு வரி எழுத வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டாள். "பூட்டி இன்னா பிரயோஜனம், புஸ்தகம் பூரா அதுக்கு மனப்பாடம்" என்கிறாள் ரோசி. ரோசி பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம்.

மடத்தில் உள்ள எல்லா சிஸ்டர்மாருக்கும் எங்கள் வணக்கம். தசரதனும் மாரியும் தனித்தனியே விசாரிக்கச் சொன்னார்கள். பொன்னியம்மாள் தங்களுக்குக் கருவாடு கொடுத்தனுப்பப் போகிறார்களாம். தங்கள் செபங்களில் எங்கள் ஆத்துமாக்களோடு வயிறுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் ஆசீரை எதிர்பார்க்கும்
தம்பி,
ஞானாதிக்கம்

பின்குறிப்பு: பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் சேர்க்கச் சொல்லி ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். ஒட்டுவதற்கு முன்னால் அவள் படித்துவிட்டாள். "அத்தைக்கு ஊரே குடிச்சதை எழுதிட்டு, நீ குடிச்சத உட்டுட்டியே நைனா" என்கிறாள். விட்டுவிட்டேன்தான். முதல் நாள் அடுப்படியில் அவள் செய்து காட்டியபோது பக்கத்தில் உட்கார்ந்து கைதட்டியவன் நான். அது மருந்து என்று தெரிந்தவன். ஆனாலும் மாரி அந்த மணலைத் தாண்டி வந்து தசரதன் கையால் வாங்கிக் குடித்ததைப் பார்த்த பிறகு, எனக்கே அது மருந்தாகத் தெரியவில்லை அக்கா. திரையை விட்டு வெளியே வந்து, எல்லோரும் குடித்து முடித்ததும் ஜாடியின் அடியில் மிச்சம் இருந்ததில் ஒரு வாய், முழங்கால் போட்டுக் குடித்தேன். மறுநாள் புதருக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு என் காதில் எப்படி விழுந்தது என்று தாங்களே யோசித்திருப்பீர்கள். ஆகவே மேலே கேட்ட இரண்டையும் தாங்கள் செய்ய வேண்டாம். சாமியாரிடம் நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன். பெட்டியைத் திறந்து புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இதையும் அவள் படித்துவிட்டாள். "ஒரு வாய் இல்ல நைனா, ரெண்டு டம்ளர்" என்கிறாள்.